பிக்கப்பில் தண்ணீர் குறைந்தால் எங்கே தேடுவது

கேமரன் மலைக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே பிக்கப் ஓட்டிப் பிழைக்கிறேன். ஏறும்போது ரிங்லெட் தோட்டக்காரர்களுக்கு உர மூட்டை, இறங்கும்போது சாமந்தி. பூவெல்லாம் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் கடைகளுக்குப் போய்விடும். வண்டி பழைய டீசல் டபுள் கேப், ஆட்டோ கியர். மாற்றிவிட்டுப் புதுசு வாங்கேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடும்போது எதற்கு மாற்ற வேண்டும்? அது நன்றாக ஓடுவதற்கு, எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் பக்கம் நான் கொடுக்கும் கவனம் பெரிய காரணம் என்பது என் நம்பிக்கை. டயர், பேட்டரி, எஞ்சின் ஆயில் என்று பேசத் தெரிந்த பலர் ரேடியேட்டர் என்று வந்தால் "தண்ணி இருக்கா, போதும்" என்று முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் ஓட்டத்தில் எஞ்சினுக்கு இரண்டு விதமான சோதனை. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு வளைவு மேல் வளைவு. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். பின்னால் பாரம், முன்னால் ஆமை வேகத்தில் ஒரு லோரி. இது ஒன்று. இன்னொன்று கேஎல், அதாவது கோலாலம்பூர் நெரிசல். தீபாவளிக்கு முந்திய வாரம் பிரிக்பீல்ட்ஸுக்குள் பூ இறக்கப் போனால், 33 டிகிரி வெயிலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். தைப்பூச நேரத்தில் பத்துமலைப் பக்கம் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

வண்டி எந்த இடத்தில் சூடேறுகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நெரிசலில் நிற்கும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கிவிட்டால் குறை காற்றில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும், நிற்கும் வண்டிக்கு விசிறியை விட்டால் வேறு கதி இல்லை. அப்படியானால் விசிறி, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, ரேடியேட்டர் முகத்தில் படிந்த அழுக்கு, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். நெரிசலில் ஒன்றும் ஆகாமல், நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது சூடு ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் உள்ளே அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப் போகலாம், சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கை அரித்துப் போயிருக்கலாம். மலை ஏற்றத்துக்குக் காற்றும் வேண்டும், தண்ணீர் ஓட்டமும் வேண்டும். அதனால் இரண்டில் எது கெட்டிருந்தாலும் தாப்பா சாலையில்தான் முதலில் தெரியும்.

செகாம்புட்டில் நான் வழக்கமாகப் போகும் போமன், அதாவது மெக்கானிக், அண்ணன் ஒருவர் இருக்கிறார். யார் வந்து "அண்ணே, தண்ணி குறையுது, ஊத்திட்டேன்" என்று சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "ஊத்தினது சரிலா. போன தண்ணி எங்க போச்சு?"

கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் ரேடியேட்டர் மூடிய அமைப்பு. தண்ணீர் சூடானால் விரிந்து மூடி வழியாக ரிசர்வ் டப்பாவுக்குப் போகும், ஆறினால் அதே வழியில் திரும்பி வரும். டப்பாவில் மட்டம் காலையில் ஒரு இடத்திலும் ஓடி வந்ததும் கொஞ்சம் மேலேயும் இருப்பது இயல்பு. ஆனால் எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், ஒரே சமதளத்தில் நிறுத்திப் பார்க்கும்போது வாரா வாரம் கோடு கீழே இறங்கினால் எங்கோ வெளியேறுகிறது என்றுதான் அர்த்தம். "டீசல் வண்டி, வெயில் நாடு, கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லும் வொர்க்‌ஷாப்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

என் வண்டியில் அப்படித்தான் மெதுவாகக் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ஹோஸ் எல்லாம் காய்ந்து கிடந்தது. அண்ணன் வண்டியை ராத்திரியே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை கடை திறந்ததும், எஞ்சினைத் தொடாமல், ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு மாதிரிதான், மேலே அழுத்தம் காட்டும் மீட்டர் இருக்கும். மூடியில் அச்சடித்திருக்கும் 1.1 பார் அழுத்தம் வரைக்கும் அடித்துவிட்டுத் தே தாரேக் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் முள் மயிரிழை அளவு இறங்கியிருந்தது. டார்ச்சை என் கையில் கொடுத்து, ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பைக் காட்டினார். இடது ஓரத்தில், இரண்டு மடிப்புப் பற்களுக்கு நடுவில் ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் மருந்தின் ரோஸ் நிறத்தில் ஒரு துளி கோத்து நின்றது. விழவில்லை. விரலால் துடைத்தால் கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் கோத்தது. எஞ்சின் சூடாக இருந்தால் அந்தத் துளி உருவாகும்போதே காய்ந்துவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. அதன் தடமாக மடிப்பு ஓரத்தில் ரோஸும் வெள்ளையுமாக ஒரு பொருக்குப் படிந்திருந்தது. அதைப் பார்த்த யாரும் பழைய தூசி என்றுதான் நினைப்பார்கள்.

இந்தப் பொருக்குதான் தேட வேண்டிய அடையாளம். மூடியின் கழுத்து, மேல் ஹோஸ் மாட்டும் இடம், தெர்மோஸ்டாட் கூடு, எஞ்சினுக்குப் பின்னால் ஓடும் சின்ன ஹோஸ்கள் எல்லாவற்றையும் ஆறிய எஞ்சினில் டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் வேண்டுமென்றே வைத்த ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகக் கசியும். அங்கே கோடு விழுந்திருந்தால் பம்பின் நாள் எண்ணப்பட்டுவிட்டது, மாற்றிவிடுவது நல்லது. அலுமினிய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டால் அது நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒட்டுப் போடுவதெல்லாம் காசுக்கும் கேடு. ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் என்று கடைகளில் விற்கிறார்கள். ஒழுகும் இடம் எது என்று அந்தப் பொடிக்குத் தெரியாது, ரேடியேட்டரின் நல்ல குழாயையும் சேர்த்துத்தான் அடைக்கும். காட்டு வழியில் மாட்டிக்கொண்டால் ஊர் வந்து சேர ஊற்றலாம். மற்றபடி என் வண்டியில் அதற்கு இடமில்லை.

வெளியே எங்குமே தடமில்லை, தண்ணீர் மட்டும் போகிறது என்றால் உள்ளே போகிறது. டீசல் பிக்கப்பில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் சில உண்டு. புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் அமைப்பில் ஒரு கூலர் இருக்கிறது. அதன் உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் எஞ்சினுக்குள் போய் எரிந்து, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகையாக வெளியேறும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் ஹெட் கேஸ்கெட் விட்டுப்போயிருந்தால் எஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, எஞ்சின் இன்னும் சூடாகாத போதே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அதுதான். ரிசர்வ் டப்பாவில் ஓயாமல் குமிழி வரும். நீல மருந்து ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் மருந்தின் நிறம் மாறிவிடும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் சாமான்களிலேயே மலிவானதும் இதுதான், யாரும் கண்டுகொள்ளாததும் இதுதான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. 1.1 பார் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மலை ஓட்டுபவர்கள் இதை இன்னும் ஒருபடி மேலே யோசிக்க வேண்டும். தானா ராத்தா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூடே அவ்வளவுதான். கேஎல்லில் ஒப்பேற்றிக்கொண்டிருந்த மூடி மலை மேல் கைவிடுவது இதனால்தான்.

மூடியில் இரண்டாவதாக ஒரு குட்டி வால்வு நடுவில் இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்க வழிவிடுவது அது. அது ஒட்டிக்கொண்டால் மறுநாள் காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடக்கும். ஹோஸைக் குறை சொல்லி மாற்றுவார்கள், புது ஹோஸும் தட்டையாகும். மூடி வாங்கும்போது பழையதில் என்ன எண் அச்சடித்திருக்கிறதோ அதே எண்ணில் வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.3 போட்டால் "பவர்" என்று நினைக்கும் ஆட்கள் உண்டு. அந்த அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியது வயதான பிளாஸ்டிக் தொட்டி.

இனி டேஷ்போர்டு முள். பெரும்பாலான வண்டிகளில் அந்த முள் உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை. ஓட்டுநர் வீணாகப் பயப்படக் கூடாது என்று, ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 வரைக்கும் நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். முள் நடுவை விட்டு நகரும்போது நமக்கு மிச்சமிருப்பது சில நிமிடங்கள். இதைவிட மோசம், தண்ணீர் முழுதாகக் கொட்டிப் போனால் சென்சார் காற்றில் தொங்கும். சுற்றிலும் எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கிக் காட்டவும் கூடும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் கூலண்ட் சூடு எண்ணாகவே வரும். நான் வாங்கிய பொருள்களில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது அதுதான். என் வண்டி சமதளத்தில் 86, 88 என்று ஓடும். ஒருமுறை ரிங்லெட்டுக்குக் கீழே, மூட்டைகளோடு ஒரு சிமெண்ட் லோரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது 103 காட்டியது. முள் அப்போதும் நட்ட நடுவில். ஏர்கோனை அணைத்து, கியரை டி-யிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். நாலைந்து வளைவுக்குள் 96-க்கு வந்துவிட்டது. கியரை இறக்கினால் எஞ்சின் இன்னும் கஷ்டப்படுமே என்று பலர் நினைக்கிறார்கள். விசிறியும் வாட்டர் பம்பும் எஞ்சின் சுழற்சியோடு சேர்ந்து ஓடுபவை. 1,500 சுற்றில் முக்கிக்கொண்டு ஏறுவதைவிட 2,500 சுற்றில் ஏறினால் காற்றும் தண்ணீரும் அதிகம் ஓடும். ஆட்டோ கியரை டி-யிலேயே விட்டால் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்து கியர் ஆயிலையும் கொதிக்க வைக்கும். பல வண்டிகளில் அந்த ஆயிலின் சூடும் இதே ரேடியேட்டரில்தான் வந்து இறங்குகிறது.

அதைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பல பிக்கப்களில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். ரேடியேட்டர் வயதாகி அந்தக் குழாய் உள்ளுக்குள் அரித்துவிட்டால் ஆயிலும் கூலண்டும் கலந்து, மூடியைத் திறந்தால் சிராப் பாண்டுங் பானம் மாதிரி பால் கலந்த ரோஸ் நிறத்தில் குழம்பாக இருக்கும். ரேடியேட்டரோடு கியர்பாக்ஸும் போய்விடும். அதனால் ஆட்டோ வண்டிக்காரர்கள் ரேடியேட்டர் ஒழுகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வயதான ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றலாம், அல்லது கியர் ஆயிலுக்குத் தனிக் கூலர் மாட்டிவிடலாம். நான் ரேடியேட்டர் மாற்றிய அன்றே தனிக் கூலரும் மாட்டிவிட்டேன்.

விசிறிக்கு வருவோம். சின்னக் கார்களில் மின்விசிறி, பெரும்பாலான டீசல் பிக்கப்களில் பெல்ட்டோடு சுழலும் பெரிய விசிறி. அதன் நடுவில் தட்டையாக இருக்கும் உருளைதான் கிளட்ச். உள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய், முகத்தில் சுருள் வடிவில் ஒரு உலோகப் பட்டை. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாகும்போது அந்தப் பட்டை முறுக்கி வழியைத் திறக்க, எண்ணெய் பிடித்துக்கொண்டு விசிறி வேகமாகச் சுற்றும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஹோவென்று இரைந்து அப்புறம் அடங்குவது இயல்பு, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சூடான நெரிசலிலும் இரைச்சலே வராதபோதுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. எஞ்சின் அணைந்து, சாவி பையில் இருக்கும்போது விசிறியைக் கையால் சுண்டுங்கள். ஒரு இறுக்கத்தோடு கொஞ்சம் சுற்றி நிற்க வேண்டும். விட்டது போதும் என்று பல சுற்றுச் சுற்றினால் எண்ணெய் போய்விட்டது. கிளட்ச் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய தூசி கதிர் கதிராக விரிந்திருப்பதும் அதே சேதிதான். முன்னும் பின்னும் ஆட்டினால் ஆடக் கூடாது. சில ஜப்பான் கிளட்ச்களைப் பிரித்து சிலிக்கோன் எண்ணெய் மாற்ற முடியும். எண்ணெயை 10,000 என்பது போன்ற கெட்டித்தன்மை எண் போட்டு விற்கிறார்கள். கை வந்த போமன் என்றால் செய்யட்டும், இல்லாவிட்டால் முழு கிளட்சை மாற்றுங்கள். இதை எடுத்துவிட்டு மலிவான மின்விசிறி இரண்டை மாட்டிக்கொள்ளச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி வரும். பாரம் ஏற்றாமல் ஊருக்குள் ஓட்டுபவர் செய்து பார்க்கட்டும். உர மூட்டையோடு மலை ஏறும் வண்டிக்கு அந்தப் பெரிய விசிறி இழுக்கும் காற்றுக்கு ஈடு கிடையாது.

விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு வெறும் பாதுகாப்புக்கு இல்லை. அது உடைந்தாலோ, வேலை முடிந்து திரும்ப மாட்டாமல் விட்டாலோ விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் ஓரத்திலிருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். வொர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி எடுக்கும்போது அது இருக்கிறதா, எல்லா போல்ட்டும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். முன்னால் பெரிய புல்பார், அதில் வட்ட வட்டமாக லைட், நம்பர் பிளேட்டுக்கு மேல் சங்கப் பலகை என்று அடைத்து வைத்திருப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கோன் கண்டென்சர் நிற்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அழுக்கு இருப்பது இரண்டுக்கும் நடுவில். என் வண்டியில் ரேடியேட்டரைக் கழற்றியபோது அந்த இடுக்கில் ஈசல் சிறகு, சாமந்திச் சருகு, செம்மண் எல்லாம் சேர்ந்து கம்பளம் விரித்த கதையாகக் கிடந்தது. மழை விட்ட சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஈசல் அத்தனையும் போகும் இடம் அதுதான் போலிருக்கிறது. கழுவும்போது சாதாரணத் தோட்டக் குழாய்த் தண்ணீர் போதும், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். கார் கழுவும் கடையில் ஜெட்டை நேராக ரேடியேட்டருக்குக் காட்ட விடாதீர்கள். ஒருமுறை நான் ரொட்டி சானாய் வாங்கப் போன நேரத்தில் ஒரு கடைப் பையன் ஆர்வமாகக் கழுவிவிட்டான். உள்ளங்கை அகலத்துக்குத் தகடு அத்தனையும் மடங்கிப் படுத்துவிட்டது. மடங்கிய இடத்தில் காற்றுப் போகாது. பழைய ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. "இது குளிர் நாட்டுச் சாமான், நமக்கு எதுக்குலா" என்பார்கள். வண்டி சூடேறுகிறது என்று போனால் முதல் வைத்தியம் அதுதான். எஞ்சின் எந்த நாட்டில் ஓடினாலும் 80, 90 டிகிரிக்கு வந்தால்தான் எண்ணெய் சரியாக ஓடும், டீசல் ஒழுங்காக எரியும். கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகவே நேரமாகும், கம்ப்யூட்டர் இன்னும் குளிர்ச்சி என்று நினைத்து டீசலைக் கூடுதலாக ஊற்றும். அதோடு, பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பகுதி இன்னொரு குறுக்கு வழியை மூடும். அது இல்லாவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே இருந்து, தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிர்ச்சிக்காகக் கழற்றியது ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் கழற்றி, சமையலுக்கு இனி வேண்டாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரோடு அடுப்பில் போடுங்கள். 82 என்று அச்சடித்திருந்தால் அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்கி, கொதிநிலைக்கு முன்னால் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது குட்டி ஊசி ஆடும் ஓட்டை மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி. கையேட்டில் வேறு மாதிரி போட்டிருந்தால் கையேட்டின்படி.

கூலண்ட் பற்றி நிறையச் சண்டை கேட்டிருக்கிறேன். "இங்க என்ன பனியா பெய்யுது, பைப் தண்ணி போதும்" என்பது ஒரு கட்சி. பனிக்காக இல்லை, துருவுக்காக. இரும்பு, அலுமினியம், செம்பு, ரப்பர் எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறும்போது அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது. பம்பின் சீலுக்கும் அது தேவை. பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அலுமினியத்துக்கு அது ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர் கடையில் விலை ஒன்றும் பெரிதில்லை.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை, ரோஸ், நீலம் என்பது ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பத்துக்குப் போடும் சாயம், உள்ளே இருக்கும் மருந்து வேறு வேறு. இரண்டைக் கலந்தால் மருந்து வலுவிழக்கும், சில கலவைகள் கூழாகத் திரண்டு குழாயை அடைக்கும். பழைய வகைப் பச்சை இரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. டொயோட்டாவின் ரோஸ் நிற நீண்டகாலக் கூலண்டுக்கு முதல் மாற்றம் 160,000 கிலோமீட்டர், அதற்குப் பிறகு ஒவ்வொரு 80,000-க்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன வகை என்று பார்த்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு போத்தல் எப்போதும் இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், வழியில் கிடைத்ததை ஊற்ற வேண்டி வராது.

மாற்றும்போது ரேடியேட்டரின் அடித் திருகை மட்டும் திறந்தால் பாதிதான் வரும், எஞ்சின் பிளாக்குக்குள் மிச்சம் நிற்கும். பிளாக்கிலும் ஒரு திருகு உண்டு, ஆனால் பழைய வண்டியில் அது துருப்பிடித்துக் கழற்ற வராமல் போகலாம். அப்படியானால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, ஆறவிட்டு, வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசியில் பிளாக்குக்குள் வெறும் தண்ணீர் நிற்கும் என்பதை மறந்துவிட்டுக் கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் பாதிக்குப் பாதி என்பது கால்வாசிப் பக்கம் போய்விடும். கெட்டிக் கூலண்ட் வாங்கி, வண்டியின் மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றி, மிச்சத்தைத் தண்ணீரால் நிரப்பினால் கணக்கு சரியாக வரும். பல பிக்கப்களில் மொத்தம் எட்டிலிருந்து பத்து லிட்டர் பிடிக்கும், கையேட்டில் சரியான அளவு இருக்கும்.

காற்று வெளியேற்றுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். மூடி போடாமல் ஓடவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், உடனே நிரப்பி மூடியைப் போடுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு இன்னொருமுறை பார்த்தால்தான் வேலை முடிந்தது. வடித்த கூலண்டை லோங்காங் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அது விஷம், ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும். மூடிய கேனில் பிடித்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வழியில் சூடேறினால்? ஏர்கோனை அணைத்து ஓரங்கட்டுங்கள். ஆவி வரவில்லை, பெல்ட் இருக்கிறது, தண்ணீர் கொட்டவில்லை என்றால் எஞ்சினை உடனே அணைக்காமல் நியூட்ரலில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓடவிடலாம், விசிறி சூட்டை இழுத்துவிடும். ஆவி கிளம்பினாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே அணைத்துவிடுங்கள். மூடியில் கை வைக்காதீர்கள். துணி போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களுக்கு முகத்தில் தழும்பு இல்லாதது அவர்களின் அதிர்ஷ்டம். மேல் ஹோஸைச் சாதாரணமாகக் கையில் பிடிக்க முடியும் வரைக்கும் காத்திருங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இதே விஷயங்களைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து கழுத்துக்குள் விரலை விடுங்கள். துரு வந்தால், எண்ணெய்ப் பிசுக்கு வந்தால், வெறும் தண்ணீராக இருந்தால், விலை பேசுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். பழைய எஞ்சினில் ரேடியேட்டர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் எதற்காக மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட புதுத் தடம் இருந்தால் அதையும் கேளுங்கள். ஓபிடி கருவியைச் செருகி, ஏர்கோன் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு எண்ணைப் பாருங்கள். சூடேற ரொம்ப நேரம் எடுத்தால் தெர்மோஸ்டாட் உள்ளே இல்லாமல் இருக்கலாம். இதெல்லாம் எஞ்சின் ஆறியிருந்தால்தான் பார்க்க முடியும். அதனால் வருவதாகச் சொல்லும்போதே ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லுங்கள். போய்ச் சேரும்போது பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது என்றால், இன்னொரு நாள் விடியற்காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.